டிங்கிரி வாய் திறக்கவில்லை

பிப்ரவரி 6, செவ்வாய்

மகள் ஷீபா தைத்துக் கொடுத்த நோட்டு இது. ஆபரேஷன் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் நான் பேசக்கூடாதாம். வேண்டியதை எழுதிக் காட்டுவதற்காகத் தன் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துச் சேர்த்திருக்கிறாள். முன்பக்கத்திலிருந்து "தண்ணீர்", "ஃபேனைக் குறை" என்று எழுதலாம். இதைப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கம் யாரும் திருப்ப மாட்டார்கள்.

கழுத்தில் ஒரு கட்டி. நாளை மறுநாள் எடுக்கிறார்கள். சின்ன விஷயம்.

இன்று ஸ்டுடியோவில் டிங்கிரியின் ஆறு பாட்டுகளை முன்கூட்டியே பதிவு செய்து கொடுத்துவிட்டேன். ஒன்பது வருடமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டரைக்கு டிவியில் வரும் 'ஜிங்கிலித் தெரு' என்னால் ஒரு நாளும் நின்றதில்லை. இனியும் நிற்காது. டிங்கிரி ஒரு கீரிப்பிள்ளைப் பொம்மை, மஞ்சள் பாவாடை கட்டிய பெண். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கவும் செருப்பை மாற்றிப் போடாமல் இருக்கவும் பாடிச் சொல்லித் தருவாள். அவளுக்குக் கையும் நான், குரலும் நான்.

பாவாடையை ஷாம்பூ போட்டு அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தேன். நான் இல்லாத நாட்களில் யாராவது சோப்புத்தூள் போட்டு வெளிற வைத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் செல்வின் நான்கு நாள் லீவு போட்டுச் சமைக்கிறார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. முன்பக்கத்தில் "சாம்பார் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் காட்டினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். முதல் விஷயத்தை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு ஏப்ரலில் ஒரு மாத்திரை உண்டாம். அவ்வளவுதான்.

இரண்டாவது, குரல். தொண்டைக்குள் இருக்கும் இரண்டு நாண்களில் இடப்பக்க நாண் அசையவில்லை. கட்டி அதன் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததால் சுரண்டித்தான் எடுக்க முடிந்ததாம். ஆறு மாதத்தில் பழைய குரல் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.

வெளியே வந்ததும் செல்வின், "எல்லாம் சரியாயிரும் எஸ்தரு, நீ ஒண்ணும் நெனைக்காத" என்றார். சொல்லிக்கொண்டே யாருடைய பைக்கிலோ சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைத் தட்டி எங்கள் பைக்கைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கி வந்தது.

பிப்ரவரி 21, புதன்

பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் வார்த்தையாக "ஷீபா" என்று கூப்பிட்டேன். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

ஸ்டுடியோவுக்குப் போனேன். இசக்கிமுத்து ஓடி வந்தான். ஆமைப் பொம்மை பொறுமாமாவை இயக்குபவன், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். "யக்கா, வந்துட்டியளா!" என்றான். "வந்துட்டேன்ல" என்றேன். என் குரலைக் கேட்டு அவன் முகம் மாறியது. உடனே ஆமையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, "டிங்கிரி மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுதாளா?" என்று கேட்டான். அழுகை வந்தால் அவன் ஆமையை மாட்டிக்கொள்வான். ஒன்பது வருடப் பழக்கம்.

டைரக்டர் நந்தகோபால் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடி அறையைக் காட்டினார். உள்ளே ஒரு பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பழைய பாட்டை என்னைப் போலவே பாடிக்கொண்டிருந்தாள்.

"இது தீக்ஷிதா, வேலூர் பொண்ணு. மிமிக்ரி நல்லா பண்றா. கை உங்களுது, குரல் அவளுது. உங்களுக்குக் குரல் வர்ற வரைக்கும்தான் எஸ்தர்ம்மா. நிகழ்ச்சி நிக்கக்கூடாதுல்ல?"

நிகழ்ச்சி நிற்கக்கூடாது என்பது என் வாக்கியம். மறுத்துப் பேச ஒன்றுமில்லை. சரி என்றேன்.

அந்தப் பெண்ணின் சுடிதார் அவளுக்குப் பொருந்தவே இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

படப்பிடிப்பு. நாங்கள் எப்போதும் அட்டைச் சுவருக்குப் பின்னால் சக்கரப் பலகையில் உட்கார்ந்து, கையை மேலே தூக்கி, தரையில் இருக்கும் சின்ன டிவியைப் பார்த்துக்கொண்டே பொம்மையை ஆட்டுவோம். வாய்க்கருகே மைக் இருக்கும். இன்று எனக்கு மைக் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து தீக்ஷிதாவின் குரல் வந்தது. என் விரல்கள் அதற்கு டிங்கிரியின் வாயைத் திறந்து மூடின.

கை நன்றாக வேலை செய்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

மார்ச் 13, புதன்

'நுரை நுரை' பாட்டு ஏழு முறை எடுத்தோம். தீக்ஷிதா மூச்சு விடும் இடம் வேறு, நான் விடும் இடம் வேறு. அவள் பாடி முடிக்குமுன் டிங்கிரி வாயை மூடிவிடுகிறாள். இடைவேளையில் அந்தப் பெண் வந்து, "அக்கா, நீங்க மூச்சு எங்க விடுவீங்கன்னு சொன்னா நான் மாத்திக்கிறேன்" என்றாள். "பாட்டிலேயே இருக்கு, கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் நீட்டிய கடலைமிட்டாயையும் வாங்கவில்லை. தொண்டைக்கு ஆகாது என்றேன். கடலைமிட்டாய் தொண்டையை ஒன்றும் செய்யாது.

மார்ச் 22, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் டிங்கிரி ஒரு குழந்தையோடு போனில் பேசுவாள். இன்று சிவகாசியிலிருந்து மோகித் என்ற நான்கு வயதுப் பையன். தீக்ஷிதா, "மோகித் கண்ணா, காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள். பையன் திருப்பிக் கேட்டான்: "நீ யாரு?"

"நான்தான் டிங்கிரி!"

"நீ டிங்கிரி இல்ல. டிங்கிரி எங்க?"

அவன் அம்மா போனைப் பிடுங்கி மன்னிப்புக் கேட்டார். நந்தகோபால் சார் அந்தப் பகுதியை வெட்டிவிடச் சொன்னார். நான் சுவருக்குக் கீழே கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. இசக்கிமுத்து ஒரு பக்கமாக என்னைப் பார்த்துவிட்டு, "யக்கா, கண்ணைத் தொடைங்க" என்றான்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். மாத்திரைக்கு முன்பு மீன், பால், முட்டை எதுவும் கூடாது. கடைகளில் விற்கும் அயோடின் கலந்த உப்பும் கூடாது. நான் அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்க, செல்வினும் ஷீபாவும் எனக்குத் துணையாக அதையே தின்றார்கள். "ரெண்டு பேரும் போய் ஆளுக்கு ஒரு துண்டு சீலா மீன் தின்னுட்டு வாங்க, உங்க மூஞ்சியைப் பாக்க முடியல" என்று துரத்திவிட்டேன்.

உடம்பு ஓய்ந்து போகிறது. மாடிப்படியில் நான்கு படிக்கு ஒரு தடவை நிற்கிறேன்.

ஏப்ரல் 10, புதன்

கதிர்வீச்சு உள்ள அந்த மாத்திரையை ஒரு கனத்த டப்பாவிலிருந்து இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்த ஆள் உடனே அறையை விட்டு வெளியே போய்விட்டார். சாப்பாடு கதவருகே வைக்கிறார்கள். வீட்டுக்குப் போனாலும் இன்னும் பத்துப் பதினைந்து நாளைக்குச் சின்னக் குழந்தைகள் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர். "வீட்டுல சின்னக் குழந்தைங்க யாராவது?" என்று கேட்டார்.

"வீட்டுல இல்ல" என்றேன்.

ஏப்ரல் 13, சனி

தனி அறையில் நான்காவது நாள். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததால் பாடிப் பார்த்தேன்.

டிங்கிரியின் பழைய பாட்டு ஒன்றும் வரவில்லை. மேலே போனால் வெறும் காற்று. கீழே இறங்கினேன். இறங்க இறங்க ஏதோ பிடிபட்டது. ஐந்து சுரங்கள். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஒரு சத்தம். ஆனால் சுருதி விலகவில்லை. பத்து முறை பாடிப் பார்த்தேன், ஒரு முறைகூட விலகவில்லை.

ஐந்து சுரத்துக்கு ஒரு பாட்டுக் கட்டினேன்:

கரகர கரகர என் குரலு
கதவு திறந்தா வரும் குரலு
எண்ணெய் ஊத்த வேணாமே
இப்படித்தான் நான் பாடுவேன்

கதவுக்கு வெளியே யாரோ நின்று கேட்டிருக்கிறார்கள். துப்புரவு வேலை செய்யும் அம்மா. "யாரும்மா உள்ள ரேடியோ போட்டிருக்கீங்க? சவுண்டு சரியில்ல பாரு" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

திரும்ப வேலைக்கு. நந்தகோபால் சாரிடம் என் பாட்டைப் பாடிக் காட்டினேன். அவர் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். "எனக்குப் பிடிச்சிருக்கு எஸ்தர்ம்மா. மேல கேக்கணும்" என்றார்.

மேலே என்றால் சேனலின் நிகழ்ச்சித் தலைவி ஷர்மிளா மேடம். மாலையில் கூப்பிட்டார். பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தாளை நகர்த்தி வைத்தார். டிங்கிரியின் குரல் இனி நிரந்தரமாகத் தீக்ஷிதா. அடுத்த மாதம் கோடை விழா நேரலையில் அரங்கத்துக்கு நூறு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் காதுபட நான் பேசக்கூடாது என்றும் ஒரு வரி.

"எஸ்தர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாய்ஸ் கேட்டா குழந்தைங்க பயந்துடுவாங்க. டிங்கிரின்னா ஸ்வீட்டா இருக்கணும், இல்லையா?"

"எந்தக் குழந்தை பயந்துச்சு மேடம்?"

"இன்னும் யாரும் கேக்கலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தாளைக் கையெழுத்துப் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டது.

மே 16, வியாழன்

நேரலைக்கு ஒத்திகை. டிங்கிரி நான்கு பாட்டு பாடுகிறாள். எனக்கு மைக் கிடையாது.

செல்வின் என் முகத்தைப் பார்த்து, "என்னமோ பண்ணப்போற நீ" என்றார்.

"ஒண்ணும் பண்ணல."

"அதான் பயமா இருக்கு."

மே 18, சனி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளை ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள்.

காலை பத்து மணிக்கு நேரலை தொடங்கியது. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதும். அட்டைச் சுவருக்கு முன்னால் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சின்ன டிவியில் அவர்கள் முகங்கள் தெரிந்தன. முன்வரிசையில் ஒருத்தி ரிப்பனை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு டிங்கிரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. ஸ்பீக்கரில் தீக்ஷிதாவின் குரல் வந்தது. நான் விரல்களை மூடினேன்.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்வார்கள். திட்டமெல்லாம் இல்லை. என் கையே மூடிக்கொண்டது என்று எழுதினாலும் பொய். நான்தான் மூடினேன். தெரிந்துதான் மூடினேன்.

ஒரு வரி, இரண்டு வரி. பாட்டு வருகிறது, டிங்கிரி வாய் திறக்கவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் நந்தகோபால் சார், "எஸ்தர்ம்மா, வாய்! வாய்!" என்று கத்தினார். டிங்கிரியின் இரண்டு கைகளையும் அவள் கழுத்தில் வைத்தேன். மூன்றாவது வரியின் நடுவில் பாட்டு நின்றது. தீக்ஷிதா நிறுத்திவிட்டாள். வாத்தியங்கள் மட்டும் கொஞ்ச தூரம் போய் அவையும் நின்றன.

நேரலையில் மௌனம் என்பது என்ன என்று டிவிக்காரர்களுக்குத் தெரியும். இசக்கிமுத்து என்னைப் பார்த்தான். ஒரு கையில் ஆமை. மறு கையால் தன் தலையில் இருந்த மைக்கைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டான். நான் கேட்கவில்லை. அவனே மாட்டினான்.

"எனக்குத் தொண்டைல ஒரு கட்டி வந்துச்சு" என்றாள் டிங்கிரி. அரங்கம் முழுக்க என் குரல், கரகரவென்று. "டாக்டர் அதை எடுத்துட்டாரு. அதனால என் குரல் மாறிடுச்சு. இத்தனை நாளா உங்ககிட்ட சொல்லல. இப்போ இதுதான் என் குரல்."

பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதை மறைக்க மாட்டேன், அழுதது. ரிப்பன்காரி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"வலிச்சுதா?"

"ரொம்ப வலிச்சுது."

"அழுதியா?"

"இனிமேதான் அழணும்" என்றேன். அவள் டிங்கிரியின் தலையைத் தடவிவிட்டு, "சரி, இப்ப பாடு" என்றாள்.

பாடினேன். கரகர கரகர என் குரலு. இரண்டாம் முறை பாடும்போது பாயில் இருந்த பிள்ளைகள் 'கரகர' மட்டும் சேர்ந்து கத்தினார்கள். மைக் இல்லாத பொறுமாமா தலையை மட்டும் ஆட்டினார். சவுண்டு என்ஜினியர் நினைத்திருந்தால் என் மைக்கை மூடியிருக்கலாம். மூடவில்லை.

வெளியே வந்தபோது தீக்ஷிதா கண்ணாடி அறை வாசலில் நின்றாள். "ஏன் நிறுத்தின?" என்று கேட்டேன்.

"வாயே திறக்கலையே அக்கா. நான் எதுக்குள்ள பாடுறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மார்ச்சில் மூச்சு விஷயத்தில் நான் நடந்துகொண்டது சரியில்லை என்று சொன்னேன். "தெரியும்க்கா" என்றாள்.

மே 20, திங்கள்

ஷர்மிளா மேடம் அறையில் நாலு பேர். லைவில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று தெரியுமா, குழந்தைகள் நிகழ்ச்சியில் ஆஸ்பத்திரியும் ஊசியுமா, பெற்றோர் போன் செய்து திட்டுகிறார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். பிறகு ஷர்மிளா மேடம், "ஒரு சாதாரணக் கட்டிக்கு இவ்வளவு டிராமாவா எஸ்தர்?" என்றார்.

"சாதாரணக் கட்டி இல்ல மேடம். கேன்சர்."

வீட்டில்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் இதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்தால் நான்கே எழுத்து.

ஷர்மிளா மேடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் குரல் அப்படியே மாறிவிட்டது. "சொல்லியிருக்கலாமே. ஒண்ணு பண்ணலாம். உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் எபிசோட். நீங்க, டிங்கிரி, உங்க கதை. எல்லாரும் அழுதுருவாங்க. அதுக்கப்புறம் தீக்ஷிதா கன்டினியூ பண்ணட்டும்."

"ஒரு நாள் அழறதுக்கு நான் வரல மேடம். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் பாட வந்தவ."

"அப்போ வீட்டுல இருங்க. சொல்லி அனுப்புறோம்."

வீட்டில் இருக்கிறேன்.

மே 21, செவ்வாய்

நேற்று சேனலில் சொன்னதை ஷீபாவிடமும் சொன்னேன். "எனக்கு பிப்ரவரியிலயே தெரியும்மா" என்றாள். "ரிப்போர்ட்டை ஃபைல்ல வெச்சது நான்தானே." அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். நிறைய உரித்துவிட்டோம். ஒரு வாரத்துக்கு வரும்.

ஜூன் 3, திங்கள்

எட்டரைக்குப் பழைய எபிசோட் ஓடுகிறது. என் பழைய குரல். செல்வின் டிவியை அணைக்கப் போனார். "இருக்கட்டும், அவ நல்லாத்தான் பாடுதா" என்றேன்.

இசக்கிமுத்து வந்தான். வேறொரு ஆளை வைத்து டிங்கிரியை ஆட்டிப் பார்த்தார்களாம். அந்தப் பொம்மை என் கை அளவுக்குத் தைத்தது. அவர் கை உள்ளே பாதிதான் போனதாம். "டிங்கிரி பக்கவாதம் வந்தவ மாதிரி நிக்கா யக்கா." தீக்ஷிதாவும் டிங்கிரிக்குப் பாட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். "வேற பொம்மை கொடுங்க, புதுசா பண்றேன்" என்று சொல்லிவிட்டாளாம். அவனையும் ஏதாவது கேட்டார்களா என்று இசக்கிமுத்துவிடம் கேட்டேன். மைக்கைக் கழற்றிக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"என்ன எழுதின?"

"ஆமைக்குத் தலை அரிச்சுது, அதனால கழட்டினேன்னு எழுதினேன்."

ஜூன் 7, வெள்ளி

நந்தகோபால் சார் வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் புது எபிசோட் போயாக வேண்டும். வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி டிங்கிரி எங்கே என்ற கேள்வி. புதுத் தாள் கொண்டுவந்திருந்தார். டிங்கிரியின் கையும் குரலும் எஸ்தர் ராஜகுமாரி. தீக்ஷிதாவுக்குச் சில்வண்டு என்று ஒரு புதுப் பொம்மை. என் நோயைப் பற்றிய சிறப்பு நிகழ்ச்சி என்று கடைசியில் இன்னும் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"மேடம் கோச்சுக்குவாங்க" என்றார் சார்.

"கோச்சுக்கட்டும். தோசை சாப்பிடுங்க."

ஜூன் 12, புதன்

ஐந்து சுரத்தில் மூன்று பாட்டு எடுத்தோம். சில்வண்டு மேலே பாடுகிறது, டிங்கிரி கீழே. ஒரு கடிதம் வந்தது, நாமக்கல்லில் இருந்து ஒரு அப்பா: 'காலை நேரத்தில் இப்படி ஒரு குரலா? பிள்ளைக்கு நல்லதைக் காட்டுங்கள்.' நந்தகோபால் சார் அதை மறைக்கப் பார்த்தார். வாங்கிப் படித்துவிட்டு ஒப்பனை அறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஸ்கேன். ஷீபாவும் கூட வந்தாள். மாத்திரை மிச்சம் மீதியைக் கரைத்துவிட்டதா என்று பார்ப்பார்களாம். காலையிலிருந்து கை சில்லென்று இருந்தது. ஏசியால்தான்.

காத்திருக்கும் இடத்தில் எதிர் நாற்காலியில் ஒரு சின்னப் பெண், மூன்று வயதிருக்கும். கைக்குட்டையை விரலில் சுற்றிப் பொம்மையாக்கி வைத்திருந்தாள். தொண்டையை அடியில் அழுத்தி, கரகரவென்று அதைப் பேச வைத்தாள். "நான் டிங்கிரி. நான் இன்னிக்கு சப்பாத்தி சாப்பிட்டேன்."

அவள் அம்மா, "ஒழுங்காப் பேசு. தொண்டை கெட்டுப் போயிடும்" என்று அதட்டினார்.

"டிங்கிரி இப்படித்தாம்மா பேசும்."

"கெட்டுப் போனா என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன் நான்.

குழந்தை கைக்குட்டையை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தாள். என் வாயைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பெயர் கேட்டார். இத்தனை மாதமாக இந்தக் கேள்விக்கெல்லாம் ஷீபாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றும் வாயெடுத்தாள். அவள் கையை அழுத்தி நிறுத்திவிட்டு, வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி என் பெயரை நானே சொன்னேன்.